கருப்புக் கெண்டை அடியில், சிவப்புக் கெண்டை உச்சியில்

கிரியூ
18 ஏப்ரல் 1974

நவோயேவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் ஷூஜியும் உன் பிறந்த வீட்டில் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கொல்லையில் மூங்கில் கம்பம் நட்டு, பையனுக்காகத் துணிக் கெண்டைமீன் கொடிகளை ஏற்றிவிட்டேன். அவனுக்கு வயது ஐந்து. மே ஐந்தாம் தேதி, பிள்ளைகள் நாளன்று, தன் கொடிக்குக் கீழே நிற்காமல் என் மாமனார் வீட்டில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? இலைக் கொழுக்கட்டைக்குச் சொல்லியாயிற்று. குளியல் தொட்டியில் போட வசம்பு இலையும் வந்துவிடும்.

அடுத்த வீட்டு ஒசெக்கி அம்மா தினமும் உன்னைக் கேட்கிறார். உன் அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

மற்ற விஷயத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் வைக்கும் சூப் உப்புக் கரிக்கிறது.

குனியோ

நாகயோக்கா
23 ஏப்ரல்

ஷூஜியின் அப்பாவுக்கு,

வணக்கம். என் அம்மா நேற்று அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வைத்தாள். அதே நேரத்தில் ஒசெக்கி அம்மாவிடமிருந்து தபால் வந்தது, இடுப்பில் ஒட்டும் பிளாஸ்திரி ஆறு. அம்மா என்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறாள். கூடவே ஒரு கடிதம். நம் கம்பத்தில் கருப்பு அப்பா மீனும் நீலப் பிள்ளை மீனும்தான் பறக்கின்றனவாம், சிவப்பு அம்மா மீனைக் காணோமாம்.

எழுத ஒன்றும் இல்லையா? நான் எழுதுகிறேன். நீங்கள் மூன்று முறை தோற்ற கார் லைசென்ஸ் பரீட்சையில் நான் முதல் முறையே தேறினேன். அன்று சகமோட்டோவையும் மற்ற ஐந்து சிநேகிதர்களையும் வைத்துக்கொண்டு, பரிமாறிக்கொண்டிருந்த என் எதிரிலேயே என்ன சொன்னீர்கள்? "அதிகாரி இவளப் பாத்துப் பாவப்பட்டு பாஸ் போட்டுட்டான்." ஆறு பேரும் சிரித்தார்கள். எந்த வாய் சொன்னதோ அதே வாய், அதே ஆட்கள் முன்னால் திருத்திச் சொல்லட்டும். அதுவரை நான் வருவதாக இல்லை. ஷூஜிக்கு இங்கேயே காகித மீன் ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

அப்பா ஏன் வரவில்லை என்று கேட்கிறான். உங்களுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

நவோயே

கிரியூ
28 ஏப்ரல், ஞாயிறு

நவோயே,

கோபத்தில் சிவப்பைப் பெட்டியிலேயே விட்டிருந்தேன். அற்பத்தனம். இப்போது அது உச்சியில் பறக்கிறது, கருப்பு எல்லாவற்றுக்கும் அடியில். இந்தத் தெருவில் எவன் வீட்டிலும் அப்பா மீன் கீழே இருந்ததில்லை. அது நீளம் வேறு. காற்று நின்றால் ஒசெக்கி அம்மாவின் வெங்காயப் பாத்தியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இரண்டு முறை திட்டு வாங்கிவிட்டேன்.

இன்று ஆறு பேரும் வந்தார்கள். குடித்துவிட்டு ஏற்றினாயா என்று சகமோட்டோ கேட்டான். கம்பத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"மாத்தியெல்லாம் கட்டல. அவ ஒரே தடவைல பாஸ் பண்ணா, நான் மூணு தடவ பெயில். பொறுக்காமத்தான் அன்னிக்கு அப்படி உளறிட்டேன்."

ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சகமோட்டோ மட்டும், தான் ஐந்து முறை பெயில் என்றான்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வந்துவிடு.

குனியோ

நாகயோக்கா
1 மே

ஷூஜியின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டு அழுதேன். சகமோட்டோவின் ஐந்து முறையை மட்டும் அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அப்பா மீன் வெங்காயத்தில் கிடக்கிறது என்று ஷூஜி சாப்பிடமாட்டேன் என்கிறான். கருப்பை மேலேயே ஏற்றிவிடுங்கள். மீன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்காம் தேதி மதியம் வருகிறோம், ரயிலில் அல்ல. அண்ணன் தன் பழைய காரை எனக்கே கொடுத்துவிட்டான். மிக்குனி கணவாயை நானே ஓட்டிக் கடக்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. தெருமுனையில் நில்லுங்கள், ஏற்றிக்கொள்கிறேன். முன் இருக்கை ஷூஜிக்கு. நீங்கள் பின்னால் உட்கார வேண்டும், வீடு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

நவோயே