நேர்ந்துவிட்ட சேவல்

அண்ணி,

பக்கத்து வீட்டில் கோழி வாட்டுகிறார்கள். இறகு கருகும் வாசனை ஜன்னல் வழியாக வந்து அறை முழுக்க நிற்கிறது. உள்ளே உங்கள் பேரன் காய்ச்சலில் படுத்திருக்கிறான். சாதாரணச் சளிக்காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், உங்கள் மகள் தேவியும் நம்பிவிட்டாள். எனக்குத்தான் அந்த வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கும் இதே வாசனை. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் குழி வெட்டி, கால்நடை இலாகா ஆட்கள் தோட்டத்துக் கோழி, வாத்து எல்லாவற்றையும் போட்டு எரித்தார்கள். அந்த இலாகாவின் ஈப்போ ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். பிறந்த தோட்டம் என்பதால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கோலா தெர்லா காய்கறித் தோட்டத்திலிருந்து வாங்கி வந்த வாத்துகளுக்கு ஒன்றுமில்லை, ஜம்மென்று இருந்தன. அவற்றோடு மேய்ந்த கோழிகள்தான் தலை வீங்கி, மூச்சு இழுத்து விழுந்தன. அதுதான் எங்களுக்குப் பயம். வாத்துக்குள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கோழி மேல் தாவிய கிருமி, அடுத்து யார் மேல் தாவும்? மனிதர் மேலும் தாவலாம் என்று ஆய்வுக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள், ஆனால் லயத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நீங்களும் மறுபேச்சில்லாமல் உங்கள் கோழிகளைக் கொடுத்துவிட்டீர்கள். நல்ல அண்ணி என்று பெருமைப்பட்டேன். வீட்டுக்குள் வந்தால் எச்சத்தின் நாற்றம். தேவியின் கட்டிலுக்கு அடியில், கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடைக்குள் சேவல் உட்கார்ந்திருந்தது. தேவி கைக்குழந்தையாக இருந்தபோது பிழைக்க மாட்டாள் என்று சொன்னார்களே, அப்போது முனியாண்டிக்கு நீங்கள் வேண்டிக்கொண்டது. அவள் பிழைத்துப் பள்ளிக்கூடமும் போனதால், வரும் திருவிழாவில் பலி கொடுக்கவென்று விட்டிருந்த சேவல்.

"இது கோழி இல்ல. இவ உசுரு. அவனுங்க குழியில போட விடமாட்டேன்லா" என்றீர்கள்.

படித்தவள் அல்லவா, பிடுங்கி எடுத்திருக்க வேண்டியதுதானே என்று நீங்களே பின்னால் என்னைக் கேலி செய்தீர்கள். நானும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதானே அண்ணி. கிருமிக்கும் பயந்தேன், முனியாண்டிக்கும் பயந்தேன்.

மறுநாள் விடியும்போது தேவியின் உடம்பு கொதித்தது. அவள் தொண்டையிலும் சேவலின் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் சளி எடுத்துத் தனித்தனிக் குழாயில் போட்டேன். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டீர்கள். கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தால்தான் தெரியும், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றேன். "அது வரைக்கும் புள்ள?" என்றீர்கள். நான் குழாய்களின் மூடியை இறுக்கினேன்.

நீங்கள் சேவலைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். பனிமூட்டத்தில் முனியாண்டியின் சூலம் மட்டும்தான் தெரிந்தது. வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஆள் மாற்றிக் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள்.

"உன் சேவல கவர்மெண்டு கொண்டு போவுது. புள்ளய விட்டுடு. பதிலுக்கு என்னைய எடுத்துக்கோ."

திரும்பி, சேவலை என் கையில் கொடுத்தீர்கள். அது சூடாக இருந்தது, முரண்டு பிடிக்கவேயில்லை. இலாகா ஆட்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தேவிக்குக் காய்ச்சல் இறங்கியது, கஞ்சி குடித்தாள். லயத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் டெலிபோன் அடித்தால் நான்தான் முதலில் ஓடுவேன்.

எல்லாரும் மறந்த பிறகுதான் வெளிநாட்டிலிருந்து அந்த மரபணுப் பிலிம் வந்தது. எக்ஸ்ரே படம் மாதிரி, ஏணிப்படியாகக் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஓர் எழுத்து. எரிக்கும் முன் எடுத்து அனுப்பிய வாத்துச் சளியின் வரிசையும் சேவலின் வரிசையும் அச்சாக ஒன்று. தேவியுடையது வேறு. அந்தச் சமயம் அவள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளைப் படுக்கவைத்த மனிதக் காய்ச்சல்தான் அவளுக்கும் வந்திருந்தது. ஆய்வுக்கூடம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். லீவு போட்டு, பிலிமைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு தாப்பா வந்து மலைக்குப் பஸ் ஏறினேன்.

உங்கள் அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக் காட்டினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே போய் எல்லாருக்கும் சொன்னார். நீங்கள் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"அப்ப சேவலுக்கும் இவ காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லியா?"

"இல்ல அண்ணி. சேவல் வீட்டுல இல்லாட்டியும் அவளுக்கு வந்திருக்கும். அதுவா எறங்கியும் இருக்கும்."

"அப்ப நான் சாமிகிட்ட சொன்னத திரும்ப வாங்கிக்கலாமா?"

அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பூசாரியைக் கேட்கலாம் அண்ணி என்று ஏதோ சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு, "சரி விடு, தண்ணி கொதிக்குது பாரு" என்றீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். கூடை முதுகிலேயே இருந்ததாம். இதயம் என்றார்கள். இதயம்தான் அண்ணி. என் படிப்பும் அதைத்தான் சொல்கிறது. இத்தனை வருடமாக எனக்கு நானே அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேவிக்கு நீங்கள் சாமியிடம் சொன்ன அந்த வார்த்தை தெரியாது, நான் சொல்லவில்லை.

சற்று முன் பேரனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. சளிக்காய்ச்சல் என்று தெரியும், இறங்கிவிடும் என்றும் தெரியும். ஆனாலும் என் வாய் தானாகத் திறந்தது. "பதிலுக்கு" என்பது வரைக்கும் தொண்டைக்கு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தேவி பார்த்துவிட்டு, "வாசன ஒத்துக்கலியா அத்தை?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வார்த்தை இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது, அண்ணி. விழுங்கவும் முடியவில்லை, சொல்லவும் தைரியமில்லை.