பாரிஸ் கெட்டிமேளம்

1989 ஆகஸ்ட் 21

மதியம் எங்கள் கம்பெனி கேன்டீனுக்குப் பாரிஸ் சார் டேப் ரிக்கார்டரோடு வந்தார். புது மெஷின் பூட்ட ஓசூருக்கு வந்திருக்கும் பிரெஞ்சு இன்ஜினியர். சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் இந்தப் பெயர். அவர் ஊர்ப் பாடகி ஒருத்தியின் பழைய பாட்டுகளையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி, ஒரே டிஸ்கோ அடியில் கோத்த கேசட். ஒரு பாட்டு பிடித்துப்போவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. எனக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டதும் கேசட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 30

மாமியார் ஆகப்போகிற சரோஜம்மாள் காவேரிப்பட்டினத்திலிருந்து மகனோடு வந்தார். "கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்கெல்லாம் எதுக்கும்மா?" என்றார், தோசையைப் பிட்டுக்கொண்டே. ஜனவரியில் பெர்மனென்ட் ஆகப்போகிறேன் நான்! அப்பா சட்னி கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளை பாஸ்கரனும் மூச்சு விடவில்லை. அவருக்கு லேத் வேலை ஓசூரில், குடியிருக்கப்போவதும் ஓசூரில் — நான் மட்டும் வீட்டில் என்ன செய்ய? சுவரைப் பார்க்கவா?

செப்டம்பர் 4

அந்த ஆளுக்கு நாக்கு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

செப்டம்பர் 10

கல்யாணம் ஆகிவிட்டது. எப்படி ஆனது என்றுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

காவேரிப்பட்டினம் மண்டபம். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தாயிற்று. தாலி பாஸ்கரன் கையில். அப்போது பார்த்து சரோஜம்மாள், "வேலய உட்டுடறேன்னு சபையில ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம் தாலி" என்றார். "சொல்ல மாட்டேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அப்பா கும்பிடுகிறார், மாமன்மார் கை நீட்டிப் பேசுகிறார்கள். இது இப்போதைக்கு முடியாது என்று மேளக்காரர்கள் டிபனுக்குப் போய்விட்டார்கள்.

தவித்துப்போனது ஸ்பீக்கர் செட் லால் பாஷா அண்ணன்தான். நல்ல நேரத்தில் கெட்ட பேச்சு காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளமே? மேளம்தான் பந்தியில் இருக்கிறதே! சாப்பாட்டு நேரத்தில் போட நான் கொடுத்திருந்த பாரிஸ் கேசட்டை முழுச் சத்தத்தில் தட்டிவிட்டார்.

டம் டம் டம் டம்! பின்வரிசைக்காரர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கெட்டிமேளம்தான் என்று அட்சதையை வீசினார்கள். நிமிர்ந்து பார்க்கிறேன், பாஸ்கரன் தாலியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்! ஐயர் மந்திரத்தோடு பின்னாலேயே ஓடிவந்தார். விருந்துக்கு வந்திருந்த பாரிஸ் சார், தன் ஊர்ப் பாட்டைக் கேட்டதும் தனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று எழுந்து நின்று கைதட்டி அழுதேவிட்டார்.

செப்டம்பர் 13

மேளமே இல்லாமல் தாலி கட்டினார்களாமே என்று ஊரில் பேச்சு. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "யாரு சொன்னா? எம் மவனுக்குப் பாரிஸ்லருந்து மேளம் வந்துச்சு!" என்கிறார். என்னிடம் மட்டும் பேச்சில்லை.

செப்டம்பர் 18

ஓசூர். காலை ஷிப்ட். பாஸ்கரன் சைக்கிளில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

"அன்னிக்குக் கெட்டிமேளம்னு நெனச்சு ஏமாந்துட்டீங்கல்ல?" என்று வழியில் சீண்டினேன்.

"தவில் சத்தம் தெரியாதவனா நானு?"

"அப்பறம் ஏன் கட்டுனீங்க?"

கொஞ்ச தூரம் மிதித்தார். "எங்கம்மாவ எதுத்து எனக்குப் பேச வராது. அந்தச் சத்தத்துல பேச வேண்டியதில்லையே."

கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் இரண்டாம் முறை ஹாரன் அடித்த பிறகுதான் கேரியரிலிருந்து இறங்கினேன்.