ரோல்ஸ் தட்டில் என் வீரன்

நவம்பர் 12, நோர்பரி.

அப்பா லண்டனுக்கு வந்த புதிதில், எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கிய காமிக்ஸ் அது. அவர் எனக்கு விட்டுச்சென்ற ஒரே புத்தகம். இன்று, என்னைத் தன் வீட்டில் வைத்திருக்கும் மாமி அதைக் கிழித்து, பொரித்த மீன் ரோல்ஸுக்கு அடியில் பரப்பிவிட்டார்.

நாட்டுக் கொடியையே சட்டையாகப் போட்ட வீரன் அவன். அகதிகளை விரட்டச் சொன்ன மேயரிடம், இந்தக் கொடி அவர்களுக்கும்தான் என்று சொன்னவன். இப்போது அவன் நெஞ்செல்லாம் எண்ணெய்.

"பழைய தாள் நல்லா உறிஞ்சுது பிள்ளை. பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டாய், பிறகேன் உனக்குப் பொம்மைப் புத்தகம்?" என்றார் மாமி.



மாமியின் கல்யாணக் கூறைச் சேலை எந்த அலுமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைய ரோல்ஸை அதில்தான் வடியவைப்பேன்.

கடைசிப் பக்கத்தில் அந்த வீரன் எதிரியை மன்னித்துவிடுவான். மாமி முதலில் கிழித்தது அந்தப் பக்கத்தைத்தான்.