பட்டாயாவிலிருந்து ஒரு போட்டோ

அன்புள்ள அம்மா,

நான் சமைக்கிற கடையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாய். வெளிச்சம் போதவில்லை என்று சொல்லியே காலத்தைத் தள்ளினேன்.

கொரோனாவால் இங்கே ராத்திரிக் கடையெல்லாம் மூடிக் கிடந்தது. போன வாரம் எங்கள் கடை முதலாளி துவாங் அக்கா எங்களைக் கூப்பிட்டாள்.

"ஆட்டம் பாட்டம் கூடாதாம். சாப்பாடு போட்டாத்தான் திறக்க விடுவாங்களாம். எவளுக்குடி சமைக்கத் தெரியும்?"

"இவளைக் கேளுங்க. வீட்டுக்குப் போடுற கடுதாசியில ஆறு வருஷமா இவதான் சமையல்காரி" என்று என்னைக் காட்டினாள் கூட வேலை செய்கிற ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இப்போது மேடை இருந்த இடத்தில் உரலைப் போட்டு நம்ம ஊர் சாலடுக்குப் பப்பாளிக்காய் இடிக்கிறேன். உன் கைப்பக்குவம்தான், காரம் தூக்கலாக. மதியமே கூட்டம் வருகிறது. முன்னே அந்த இடத்தில் என்ன செய்தேன் என்று மட்டும் கேட்காதே.

இந்தக் கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன். இனிமேல் நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாலும் பரவாயில்லை.

உன் சமையல்காரி மகள்