கொதித்த பிறகும் மஞ்சள்

2.3.98, திங்கள்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. காலையில் இரண்டு முறை கரன்ட் போனது. அணைக்கட்டு ஊர் பஸ்ஸில் மல்லி மொட்டு வந்து சேர்ந்தது, ஐஸ் பெட்டியில், பாதி நசுங்கி. வாங்க வேண்டியது: வடிதாள், ஊக்கு, அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

மொட்டை அரைத்து, வடிகட்டி, சாற்றை அளந்தேன். மொட்டுக்குள் இருக்கும் என்சைம்தான் மல்லிக்கு மணத்தைச் செய்து தருகிறது. அது வேலை செய்தால் துளி கந்தகம் வெளிப்படும், அது பட்டு நான் விடும் மருந்து சோதனைக் குழாயில் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு வேலை. இன்று நல்ல மஞ்சள். என் கைடு சார் எட்டிப் பார்த்து, "சூப்பர்மா. எம்.ஃபில். முடிஞ்ச மாதிரிதான்" என்றார். அவருடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் இந்த எண்களை நம்பித்தான் நிற்கிறது. எனக்கும் இது முடிந்தால் ஜூனில் லெக்சரர் வேலை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மொட்டு நசுங்கிப் பாதி செத்து வந்த நாளில் மஞ்சள் மட்டும் ஏன் குறையவில்லை?

3.3.98, செவ்வாய்

சாற்றில் பாதியைக் கொதிக்க வைத்தேன். கொதித்தால் என்சைம் செத்துப்போகும். நிறம் வரக் கூடாது.

வந்தது. அதே மஞ்சள்.

குழாயை மாற்றினேன். மஞ்சள். கடைசியில் சாறே இல்லாமல், வெறும் தண்ணீரும் மருந்தும். அதுவும் மஞ்சள்! பூவே இல்லாமல் மல்லி மணம் செய்கிற தண்ணீர் எங்கள் டிபார்ட்மென்டில் மட்டும்தான் கிடைக்கும். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தீபாவளியிலிருந்து செய்த வேலை மொத்தமும் பாழ்.

ஷாஹினா (பக்கத்து மேசை, ஆம்பூர்க்காரி, இங்கே என் ஒரே தோஸ்த்) கேட்டாள்: "தண்ணி எதுல வெச்சிருக்க?"

நீலக் கேன். டிஸ்டில்டு வாட்டர் பிடித்து வைக்க யாரோ எப்போதோ வாங்கிப் போட்டது. தோல் பதனிடும் டேனரியில் காலியாகும் கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்காத வீடு இந்தப் பக்கம் உண்டா? யாரும் யோசிப்பதே இல்லை. நானும்தான். குழல் மாதிரி இருக்கும் கைப்பிடிக்குள் குச்சியை விட்டுச் சுரண்டினேன். பழுப்பாகப் பொருக்கு. தோலில் முடி உதிரப் போடுகிற சல்பைடு, கந்தக உப்பு. என் மருந்துக்கு அந்தக் கந்தகம் போதும், மஞ்சளாகிவிடும். மொட்டா, கேன் அழுக்கா என்று அதற்குத் தெரியாது.

"அழுகின முட்ட நாத்தம் வந்திருக்கணுமேடி?" என்றேன்.

"நமக்கா? நமக்கு எங்க வரும்? பொறந்ததுலேர்ந்து அதுலதான மூச்சு வுடறோம்."

மணத்தை ஆராய வந்த இரண்டு மூக்குகள். வெட்கக்கேடு.

5.3.98, வியாழன்

ஷா.வின் அக்கா நர்ஸ். ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் அதில் புதிதாகக் கலந்தேன்.

வெறும் தண்ணீர்: நிறமில்லை.
கொதித்த சாறு: நிறமில்லை.
பச்சைச் சாறு: மெல்ல, மெல்ல, மஞ்சள். பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இது மொட்டு செய்தது. கத்த வேண்டும் போல இருந்தது.

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "கொதிக்க வெச்சத எழுதாத. யாரும்மா கேக்கப்போறாங்க?"

"நான் கேட்டுட்டேனே சார்."

"உனக்கு வாய் ஜாஸ்தி."

வீட்டுக் கேனையும் விடவில்லை. ஒரு டம்ளர் பிடித்து, லேபிலிருந்து கொண்டுவந்த மருந்தை விட்டேன். அம்மா ஷூ கம்பெனியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள். "இத்தினி வருஷமா இதுலதான் குடிக்கறோம். இப்ப இன்னா உனக்கு?" நிறம் வரவில்லை. "பாத்தியா, ஒங்க காலேஜவிட எங்க கேனு சுத்தம்."

சாப்பிடும்போது சொன்னாள்: "கையெழுத்து போடறவர பகைச்சுக்காத." ரசம் நன்றாக இருந்தது.

6.3.98, வெள்ளி

செமினார். கொதித்த சாற்றின் ஷீட்டைக் காட்டக் கூடாது என்று சார் காலையிலேயே சொல்லிவிட்டார். புரொஜக்டரில் அதைத்தான் முதலில் வைத்தேன். ஷீட் கோணலாக விழுந்தது. சுவரில் எழுத்தும் சாய்ந்து நின்றது. சாயட்டும்.

ஹெச்.ஓ.டி. மேடம்: "கொதிக்க வெச்சதும் அதே அளவா?"

"ஆமா மேடம். அதனால இதுவரைக்கும் எடுத்தது எதுவும் செல்லாது."

சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேற்றைய சின்ன எண்களைக் காட்டினேன். யாரும் கை தட்டவில்லை. வராண்டாவில் யாரோ: "பொழைக்கத் தெரியாத பொண்ணு." திரும்பிப் பார்க்கவில்லை. பசி. கேன்டீனில் போண்டா தீர்ந்துவிட்டது.

9.3.98, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான்.

மேடம் கூப்பிட்டார். ஆறு மாதம் கூடுதலாகத் தரலாம், முதலிலிருந்து செய்யலாம், ஆனால் கடிதத்தில் கைடு கையெழுத்து வேண்டும். ஜூன் வேலை போச்சு. எழுதினேன். காரணம்: டிபார்ட்மென்ட் கேன் தண்ணீரில் சல்பைடு, முந்தைய அளவுகள் செல்லாதவை.

சார் படித்தார். "காரணத்த மாத்து. உடல்நிலை சரியில்லன்னு எழுது. பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான எழுதறாங்க? இப்பவே போட்டுடறேன்." பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

இரண்டு சொல், ஒரு கையெழுத்து. அம்மா முகம் வந்து போனது. பிறகு எரிச்சல் வந்தது. அவர் கேன் அழுக்குக்கு என் உடம்பு மேலா பழி?

"எனக்கு உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. தண்ணிக்குத்தான் சரியில்ல."

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். கடிதத்தை அப்படியே அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். லேபில் இன்றைய மொட்டு ஐஸில் இருந்தது. மொட்டு அரைக்கும் கல்வத்தைக் கழுவி எடுத்தேன்.

ஷா. ஓடி வந்தாள். "போட்டாரா?"

"இல்ல."

"அல்லா! அப்ப இன்னாடி பண்ற?"

"அரைக்கிறேன்."