கயிற்றில் சிவப்பு நூல்

மார்ச் 3, செவ்வாய்

ஐம்பத்து மூன்று வயதில், பள்ளிக்கு மட்டம் போடுகிறவன்போல மேனேஜரிடம் புளுகிவிட்டு விமானம் ஏறியிருக்கிறேன். எங்கள் லிஃப்ட் கம்பெனி கம்பிக் கயிறு வாங்கும் ஆலையில் எனக்குச் சோதனை வேலை நாளையோடு முடிகிறது. வெள்ளிவரை இழுக்கும் என்று சொல்லிவிட்டேன். பொய்யைத் தூரத்திலேயே முகர்ந்துவிடுவார் என்பதால் ஆபீசில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மோப்பம். அந்த மோப்பமே, "உடம்பப் பாத்துக்குங்க" என்றார். அதுதான் உதைக்கிறது.

பக்கத்து சீட்டில் மனைவி. "கல்யாணமாகி இப்பதான் உருப்படியா ஒரு பொய் சொல்லியிருக்கீங்க" என்கிறாள்.

மார்ச் 4, புதன்

லிஃப்ட் கயிறுகளை இழுத்துக் காட்டினார்கள், முறுக்கிக் காட்டினார்கள். நான் என் பங்குக்குப் பஞ்சுத் துணியைச் சுற்றித் தடவினேன். ஒரே ஒரு கம்பி அறுந்து துருத்தியிருந்தாலும் துணியைக் கவ்விக்கொள்ளும். மாமியார் சோதனை என்போம். எங்கும் கவ்வவில்லை.

நாளை மலை, மனைவியின் ஏற்பாடு. ரோப் காராம். லிஃப்ட்டுக்காரனை உல்லாசமாகக் கூட்டிப்போகும் இடத்தைப் பார்!

மார்ச் 5, வியாழன்

ஏறும்போது ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு 'டிக்'.

"கேட்டியா?"

"ஏங்க, ஆபீஸைக் கழட்டி வீட்ல வச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?"

அவள்மேல் குற்றமில்லை. லிஃப்ட்டில் ஏறினாலே "கயிறு அறுந்துச்சு" என்று அலறி அவளைப் பயமுறுத்துவது என் வாடிக்கை. இனி எங்கே நம்புவாள்?

மேல் நிலையத்தில் நின்று பார்த்தேன். ஆபரேட்டர் சிவப்புக் கம்பளிக் கையுறை போட்டிருக்கிறார். பழக்கதோஷம், ஓடும் கயிற்றின்மேல் கையை வைக்கிறார். கயிற்றில் ஓரிடத்தில் சிவப்பு நூல் கொத்தாக மாட்டியிருக்கிறது. அந்த இடம் சுற்றிவந்தது — கொத்து இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. கையுறையில் விரல் நுனிகளே இல்லை.

"கயிறு போச்சு, நிறுத்துங்க" என்றேன். சைகையிலும் காட்டினேன். சிரித்துத் தோளில் தட்டினார். மேலிடத்தில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் என் பெயர், கம்பெனி பெயர்... நேரே மோப்பத்தின் மேசைக்குப் போகும்.

நடந்து இறங்கலாம் என்றேன். "என் முட்டி உங்க கயித்தவிட மோசம்" என்றாள். அதிலேயே இறங்கினோம். டிக். டிக். மூச்சைப் பிடித்துக்கொண்டால் உடம்பு எடை குறையுமா?

மார்ச் 6, வெள்ளி

ஹோட்டல் ஜன்னலில் அந்த மலை. திரையை இழுத்து மூடிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஆபீஸ். மோப்பம் கூப்பிட்டார்.

"என் பொண்ணும் மாப்பிள்ளையும் ஹனிமூனுக்கு அந்த ஊருக்குத்தான் போறாங்க. பாக்க என்ன இருக்கு?"

"நான் எங்க சார் வெளிய போனேன்? ஆலையே கதின்னு கிடந்தேன்."

"மலைக்கு ரோப் கார் இருக்காமே. அதுக்குன்னே போறாங்க."

என் வாய் இருக்கிறதே, பத்து ஊர் வம்பு பேசும். அப்போது பார்த்து "அப்படியா சார்" என்பதோடு நின்றுகொண்டது. அய்யோ, சொல்லித் தொலையேன்டா. என்ன போயிடும்? வேலை போகும். அவ்வளவுதானே?

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்! அறைக்குள் போய், பொய், மலை, நூல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மோப்பம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொய்யெல்லாம் கிடக்கட்டும். என் பொண்ணக் காப்பாத்திட்டீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

மார்ச் 14, சனி

முந்தாநாள் எழுதியதில் ஒரு திருத்தம். அறை வாசல்வரை போனது உண்மை. கதவில் கை வைத்ததும் உண்மை. உள்ளே சிரிப்புச் சத்தம் — பெண்ணும் மாப்பிள்ளையும் சொல்லிக்கொள்ள வந்திருந்தார்கள். திரும்பி வந்து டீ குடித்தேன்.

இன்று காலை விமானம் ஏறிவிட்டார்கள். நாளை மலை.

திருத்துவதுதான் திருத்துகிறேன், இதையும் சேர்த்துவிடுகிறேன். அந்த ஆபரேட்டரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னேன். சிவப்புக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.