சுவரில் விட்ட ஜீப்

தம்பி,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை நம் எஸ்டேட் வீட்டை இடிக்கிறார்கள். சாமான்களை லோரியில் ஏற்றியாகிவிட்டது. அம்மாதான் நாற்காலியைவிட்டு எழவில்லை. "அவன் வராம நான் ஏறமாட்டேன்லா" என்கிறாள்.

நான் கழற்றாதது சுவரில் குத்தியிருக்கும் ஒரே ஒரு தாள். இருவரும் காசு சேர்த்து வாங்கிய கார் பத்திரிகையின் நடுப்பக்கம். தாளின் முன்பக்கம் என் சிவப்புக் கார், பின்பக்கம் உன் ஜீப். மாதம் ஒருவர் முறை என்று திருப்பிக் குத்துவோம். யார் முறையோ அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அதற்காக எத்தனை அடிதடி!

இன்னொன்று வாங்கலாம் என்றால் அந்தப் பத்திரிகையே நின்றுவிட்டது. லுக்குட் ஊர்க் கடையில் அது தொங்கிய கயிற்றில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன.

இதை விட்டு டவுன் வீட்டுக்குப் போக நான் சம்மதித்தேன் என்று நீ கோபித்துக்கொண்டு போனாயே, அன்றிலிருந்து என் கார்தான் வெளியே தெரிந்தது. வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.

இன்று காலையில் திருப்பிக் குத்திவிட்டேன். இப்போது உன் ஜீப் தெரிகிறது. இனி அதை நான் கழற்ற முடியாது.

அக்கா